தென்பார் என்று எழுதிய சீட்டு

ஜனவரி 6, திங்கள்

கட்டுரை வெளிவந்துவிட்டது. காலை பத்தரைக்கு மின்னஞ்சல் வந்தது. ‘ஒத்தப்பனைத் தீவின் தென்பார்ப் பவளப்பாறையிலிருந்து ஒரு புதிய கடல் சிலந்தி: உடலமைப்பும் பரவலும்.’ முதல் பெயர் என்னுடையது, சுகிர்தா. இரண்டாவதுதான் எங்கள் கடலாய்வு மையத் தலைவர் கோதண்டராமன் சாருடையது. பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக ஆராய்ச்சியாளராகவே காலம் தள்ளுகிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சார் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும் கூடுதலாக இந்த டைரி. ரசாயனக் கம்பெனிக்காரன் அவருக்குக் கொடுத்தது. “பெரிய ஆளாயிட்டம்மா. இனிமே தினமும் எழுதி வை” என்றார். எழுதுகிறேன். மூன்று நாளில் நிறுத்திவிடுவேன் என்றும் தெரியும்.

வாட்ச்மேன் வந்து “அப்படி என்ன மேடம் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார். குப்பியைக் காட்டினேன். சாராயத்தில் மிதக்கும் ஒரு நூல் துணுக்கு, அவ்வளவுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. நுண்ணோக்கியில் வைத்தபோது மனிதர் பயந்துவிட்டார். உடம்பு இரண்டு மில்லிமீட்டர் கூட இல்லை. நான்கு ஜோடிக் கால்கள், ஒவ்வொன்றும் உடம்பைப் போல நான்கு மடங்கு நீளம். உடம்பில் இடம் போதாமல் குடல் காலுக்குள் போகிறது. முட்டை காலில் விளைகிறது. மூச்சு விடத் தனி உறுப்பு கிடையாது, தோலே போதும். முன்னால் ஒரு குழல், அதைப் பூம்பாசி என்ற செடி போன்ற கடலுயிரில் குத்தி உறிஞ்சும். தலைக்கு மேல் ஒரு சின்ன மேடு, அதில் நான்கு கண்கள். “வயிறு எங்க மேடம்?” என்றார். “இல்லை” என்றேன். “கொடுத்து வச்ச பிறவி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். அம்மாவுக்கு நாகர்கோவிலுக்குப் போன் செய்து சொன்னேன். சம்பளம் கூடுமா என்று கேட்டாள்.

ஜனவரி 8, புதன்

கேஸ் சிலிண்டர் வரவில்லை. மூன்று முறை போன் செய்தாயிற்று. மதியமும் பன்தான்.

ஜனவரி 13, திங்கள்

பத்திரிகையில் என் படம். ‘உலகிலேயே இங்கு மட்டும்’ என்று தலைப்பு. நான் அப்படிச் சொல்லவில்லை. ‘இதுவரை தெரிந்தவரை தென்பாரில் மட்டும்’ என்றுதான் கட்டுரையில் இருக்கிறது. நிருபரைத் திருத்தச் சொல்லலாமா என்று சாரிடம் கேட்டேன். “ரெண்டும் ஒண்ணுதானேம்மா” என்றார்.

சாயங்காலம் நம்புத்தாயக்கா வந்தார். பாசி எடுக்கும் பெண்களின் சங்கத் தலைவி. ஐந்து வருடமாக என்னை அழைத்துக்கொண்டு போய்க் கடலைக் காட்டுகிறவர். காலில் தகடு கட்டி, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி போட்டு இறங்கினால் ஒரு மூச்சில் ஒரு பை பாசியோடு மேலே வருவார். ஐம்பத்திரண்டு வயது. கட்டுரையின் கடைசியில் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அந்த வரியில் விரல் வைத்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், ஆனால் ஆங்கிலம் தெரியாது. தன் பெயரின் வடிவத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு படத்தைப் பார்த்துச் சிரித்தார். “இதா? நூல்பூச்சியில்ல. இது எல்லா எடத்துலயும் கெடக்குமே டாக்டரம்மா. பாசி அலசையில கையில ஒட்டும்.”

“அது வேற இனம் அக்கா. இது கொஞ்சம் வித்தியாசம்” என்றேன்.

“அப்படியா” என்று அடங்கிவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் மேல் எரிச்சல்பட என்ன இருக்கிறது? ஒரு கிலோ நகரை மீன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 21, செவ்வாய்

விசாகப்பட்டினத்திலிருந்து ஒரு பேராசிரியை எழுதியிருக்கிறார். மரியாதையான கடிதம். மூன்றாவது புகைப்படத்தில் நான்காம் காலின் நகத்தில் சிவப்பாக ஒரு துகள் தெரிகிறதே, அது என்ன என்று கேட்கிறார். பெயின்ட் போல இருக்கிறதாம். பவளப்பாரில் பெயின்ட் எப்படி வந்தது என்று ஆர்வமாக இருக்கிறதாம்.

ஆர்வம்! வேலையில்லாதவர்களுக்குத்தான் இவ்வளவு ஆர்வம் வரும்.

கோட்டோவியத்தில் அந்தத் துகளை நான் வரையவில்லை. அழுக்கை யாரும் வரைவதில்லை, அதுதான் முறை. புகைப்படத்தில் அதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை.

ஒன்றை எழுதிவைக்கிறேன், பின்னால் பயன்படலாம். இந்தச் சிலந்திகள் கிடைத்த பதினோரு குப்பிகளின் சீட்டுகள் முதலில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதப்பட்டவை. குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். சாராயத்தில் மசி கரைந்துவிடும், பென்சில் கரையாது. முதல் வாரமே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. மாதிரி எடுத்த அன்று என் பென்சில் முனை உடைந்திருந்தது. இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது சாராயம் இளநீலமாக இருந்தது, சீட்டுகள் வெள்ளையாக இருந்தன. களக் குறிப்பேட்டைப் பார்த்துப் புதுச் சீட்டு எழுதினேன். தேதி: ஆகஸ்ட் 23. இடம்: ஒத்தப்பனைத் தீவு, தென்பார். பென்சிலில்.

எல்லா ஆய்வுக்கூடத்திலும் நடப்பதுதான்.

ஜனவரி 22, புதன்

பேராசிரியைக்குப் பதில் போட்டேன். ‘படகின் பெயின்டாக இருக்கலாம்.’ பொய்யில்லை, இருக்கலாம்.

ஜனவரி 30, வியாழன்

தீவுகளைக் கவனிக்கும் துறையிலிருந்து மையத்துக்குக் கடிதம். அரிய உயிரினம் தென்பாரில் மட்டும் இருப்பதால், இறுதி உத்தரவு வரும்வரை அங்கே பாசி எடுக்கத் தடை விதிக்க உத்தேசித்திருக்கிறார்கள். எங்கள் கருத்தைக் கேட்கிறார்கள்.

சாருக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா! முப்பது வருஷ சர்வீஸ்ல நான் எழுதுன எதையும் ஒரு ஆபீசர் படிச்சதில்ல” என்றார். ஜூனில் ஓய்வு பெறப்போகிறவர். அவர் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியவில்லை.

கம்பெனிக்காரர்கள் நல்ல விலைக்கு வாங்கும் மரிக்கொழுந்துப் பாசி தென்பாரில்தான் நன்றாக வளரும். சங்கத்தில் முப்பத்தெட்டுப் பெண்கள். மற்ற பார்களில் பாதி செத்துப்போய்விட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? போன வருட அறிக்கையில் நானே எழுதியதுதான்.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. வாஷர் வாங்க வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பெண்கள் மையத்துக்கே வந்துவிட்டார்கள். இருபது பேர் இருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தார்கள். சார் நாற்காலி போடச் சொன்னார், யாரும் அதில் உட்காரவில்லை.

நம்புத்தாயக்காதான் பேசினார். “அய்யா, நாங்க பாரை அழிக்கிறவுக இல்ல. மாசத்துல பன்னெண்டு நாளுதேன் எறங்குறோம். வேரோட புடுங்க மாட்டோம். மீனு முட்டையிடுற மாசத்துல தண்ணி பக்கமே போறதில்ல. எங்களுக்கு நாங்களே சட்டம் வச்சிருக்கோம். தண்ணி காரியத்துல மீறுனவளும் பொய் சொன்னவளும் ஒரு வருசம் கரையில உக்காரணும். அந்தச் சட்டத்தப் போட்டதே நாந்தேன்.”

“உங்களைக் குத்தம் சொல்லலியேம்மா. ஒரே ஒரு பார்தானே. அது எங்கயுமே இல்லாத உயிர்” என்றார் சார்.

இருளாயி என்று ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், சட்டென்று எழுந்தாள். “பூச்சி எங்கயும் இல்ல சரி. நாங்க எங்க போறது?”

“இருடீ” என்று நம்புத்தாயக்கா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். என்னைக் காட்டி, “டாக்டரம்மா நம்ம பக்கம் பேசுவாக. அவுகளுக்குத் தெரியாததா” என்றார்.

இருபது முகமும் என்னைப் பார்த்தன. நான் என்ன பேசினேன்? ‘பதினாலாம் தேதி விசாரணை வைக்கிறார்கள், அங்கே எல்லாக் கருத்தையும் சொல்லலாம்’ என்று ஒரு குமாஸ்தா மாதிரிச் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது. ஒரு மாதமாகவே இருக்கிறது, இன்றுதான் அந்த வார்த்தையை எழுதுகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தேவாலயம் போகவில்லை. நம்புத்தாயக்கா வீட்டுக்குப் போனேன்.

காரணம் இருக்கிறது. இருளாயி ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்: ‘ஆவணி மாசம் கச்சான் காத்துல தென்பாருக்கு யாரு போவா?’ ஆகஸ்ட் 23 என்ற தேதியைப் பத்திரிகையில் பார்த்து விரல் விட்டு எண்ணியிருக்கிறாள். விசாரணையில் அதிகாரி கேட்டால் அன்று என்னோடு இருந்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். படகு ஓட்டியவர் அக்காவின் தம்பி, இப்போது மஸ்கட்டில். மீதி அக்கா ஒருவர்தான்.

அவர் பாசியைத் தார்ப்பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பரப்பினேன். பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டேன். “அந்த ஆவணியில நாம போனோமே அக்கா, தென்பார்லதானே எறங்கினோம்?”

கை நின்றது. “தென்பாருலயா?” என்றார். “ஆவணியிலயா?”

“ஆமா அக்கா. சீட்டுல அப்படித்தான் இருக்கு.”

“எழுதியிருக்கா?”

“எழுதியிருக்கு.”

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பாசியில் கிடந்த சிப்பித் துண்டுகளைப் பொறுக்கினேன். தேவைக்கு மேல் சுத்தமாகப் பொறுக்கினேன்.

“எழுதியிருந்தா சரிதேன்” என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்துவிட்டது. எனக்காகச் சொல்லப்போகிறார். நான் பொய் சொல்லச் சொல்லவில்லை, ஒரு கேள்விதான் கேட்டேன். டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

வாஷர் மாற்றியாயிற்று. இன்னும் ஒழுகுகிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

விசாரணை நடந்தது. துறை அதிகாரி நல்ல மனிதர். பெண்களுக்கு முதலில் மோர் கொடுக்கச் சொன்னார். ஒவ்வொருவரும் சொன்னதைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

இருளாயி நேராக விஷயத்துக்கு வந்தாள். “சார், இவுக எடுத்தது ஆவணியில. ஆவணியில தென்பாருக்குப் போனா படகு நிக்காது. கச்சான் தூக்கி அடிக்கும். எங்க எடுத்தாகன்னு கேளுங்க சார்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் களக் குறிப்பேட்டைத் திறந்து, அதில் ‘தென்பார்’ என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டினேன். அந்த எழுத்து என்று எழுதப்பட்டது என்று அவர் கேட்கவில்லை.

“கூடப் போனவங்க யாராவது இருக்காங்களா?” என்றார்.

நம்புத்தாயக்கா எழுந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டார். “நாந்தேன் கூட்டிட்டுப் போனேன்.”

“ஆகஸ்ட் மாசம் தென்பார்ல இறங்கினீங்களா?”

“எறங்குனோம்.”

வந்திருந்த முப்பது பெண்களும் அவரையே பார்த்தார்கள். இருளாயி மெல்ல உட்கார்ந்தாள். அவளுக்குக் கடலில் இறங்கச் சொல்லிக்கொடுத்தவரே அக்காதான். தலைவி சொன்ன பிறகு பேச ஒன்றுமில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வெளியே வந்தபோது சார் என் தோளைத் தட்டினார். நம்புத்தாயக்கா தனியாக நடந்து போனார். மற்றவர்கள் வேறு பாதையில் போனார்கள்.

பிப்ரவரி 15, சனி

சாப்பிடவில்லை. பசியும் இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

கரையில் தென்பார்த் தடைப் பலகை வைத்துவிட்டார்கள். கட்டுரையில் நான் வரைந்த படம் அதில் பெரிதாக இருக்கிறது. நகத்தில் துகள் இல்லாத படம்.

காலையில் பஸ் நிறுத்தத்தில் சங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இறால் கம்பெனிக்கு உரிக்கப் போகிறார்களாம். நம்புத்தாயக்காவும் நின்றார், நாலடி தள்ளி. அவரிடம் யாரும் பேசவில்லை. என்னைப் பார்த்து அவர் மட்டும் சிரித்தார்.

இனி மழுப்ப முடியாது. நடந்ததை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 23 அன்று நாங்கள் தென்பாருக்குப் போகவே இல்லை. புறப்பட்டோம். தீவு கண்ணுக்குத் தெரிவதற்குள் கச்சான் தூக்க ஆரம்பித்துவிட்டது. நான் மூன்று முறை வாந்தி எடுத்தேன். அக்கா என் தலையைப் பிடித்துக்கொண்டு, “திருப்புடா” என்று தம்பியிடம் சொன்னார். கரைக்குத் திரும்பி, துறைமுகத்துப் பழைய இரும்புப் பாலத்தடியில் படகைக் கட்டினோம். திட்டத்தில் அந்த மாதத்துக்கு மாதிரி காட்ட வேண்டும். வெறும் குப்பியோடு போனால் சார் முகம் சுண்டிப்போகும். பாலத்தின் தூணில் ஒட்டியிருந்த பூம்பாசியைக் கத்தியால் சுரண்டினேன். தூணுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கும். பதினோரு குப்பி நிரம்பியது. சீட்டில் எதையும் மறைக்காமல் ‘பாலத் தூண்’ என்றுதான் எழுதினேன். பென்சில் உடைந்ததும் உண்மை, மசி கரைந்ததும் உண்மை. கரைந்த பிறகுதான் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். புது இனம் என்று தெரிந்தது. துறைமுகத் தூணில் கிடைத்தால் எந்தக் கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு எங்கிருந்து வந்ததோ என்பார்கள், யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். பாரில் கிடைத்தால் அதற்கு ஒரு ஊர் உண்டு. என் எதிரில் பதினோரு வெள்ளைச் சீட்டுகள் இருந்தன.

குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைப் பிறகுதான் மாற்றினேன்.

எழுதியதும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன். அப்படி எதுவும் ஆகவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

பாலத்தடிக்குப் போனேன். நீர் வற்றும் நேரம். இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று தூண்களில் ஒவ்வொரு கைப்பிடி சுரண்டினேன். அங்கேயே வெள்ளைத் தட்டில் கொட்டி அலசினேன். பதினேழு. முதல் தூணில் மட்டும் பதினேழு.

உயிரோடு அவற்றை நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, அவசரமே இல்லாமல் நடக்கின்றன. கைலென்ஸில் பார்த்தால், நடக்கும்போது காலுக்குள் குடல் சுருங்கி விரிவது தெரிகிறது. ஐந்து ஆண்கள் முட்டைப் பந்துகளைச் சுமந்துகொண்டிருந்தன. முட்டையைச் சுமப்பதற்கென்றே ஆணுக்கு ஒரு ஜோடிச் சின்னக் கால் இருக்கிறது. குஞ்சு பொரிக்கும்வரை அந்த ஆண் சுமையை எங்கும் இறக்கி வைக்காது. இதை நானே அழகாகக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

நம்புத்தாயக்கா சொன்னது சரி. எல்லா எடத்துலயும் கெடக்கு.

பிப்ரவரி 27, வியாழன்

சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, நின்றுகொண்டே சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். “பென்சில்ல எழுதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்” என்றார். அவ்வளவு பெரிய விஷயத்தில் அவருக்கு முதலில் வந்தது அதுதான். பிறகு, “ஜூன் வரைக்கும் பொறுக்க முடியாதாம்மா?” என்று கேட்டார். கேட்டதுமே அவருக்கே கூச்சமாகிவிட்டது. “வேண்டாம். எழுது. என் பேரும் இருக்கு, நானும் கையெழுத்துப் போடறேன்.”

இதழுக்குக் கடிதம் எழுதினேன். முதல் வரைவில் ‘சீட்டுகள் அழிந்ததால் ஏற்பட்ட குழப்பம்’ என்றிருந்தது. அதை அடித்துவிட்டு, ‘இடத்தை நான் தெரிந்தே மாற்றி எழுதினேன்’ என்று எழுதினேன். அனுப்பியாயிற்று. வேலை இருக்குமா என்று சார் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. துறை அதிகாரிக்கு அவரே போன் செய்தார். அந்த மனிதர் கடிதத்தின் நகலைக் கேட்டாராம்.

மார்ச் 5, புதன்

பலகையை எடுத்துவிட்டார்கள். இறுதி உத்தரவு வராதாம். தென்பார் திறந்துவிட்டது.

பெண்கள் கரையில் கூடியிருந்தார்கள். யாரும் கூப்பிடாமலே போனேன். போகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். இந்த முறை ஒன்றையும் விடக்கூடாது, எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். நம்புத்தாயக்கா சொன்னது அவர் பொய்யல்ல, என் பொய் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சொன்னேன். பாலத்தைப் பற்றி, சீட்டைப் பற்றி. “விசாரணையில அக்கா சொன்னது அவங்க தப்பில்ல. நான்தான் முன்னாடியே வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கிட்டேன். எனக்காகத்தான் சொன்னாங்க” என்றேன். சொன்னபோது அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் அக்கா பக்கம் திரும்பினார்கள்.

இருளாயி கேட்டாள். “அப்ப தெரிஞ்சேதான் சொன்னியா பெரியம்மா? நெனவுப்பிசகுன்னுல்ல நாங்க பேசிக்கிட்டோம். தெரிஞ்சே சொன்னியா?”

நம்புத்தாயக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “ஆமாடீ” என்றார்.

அப்புறம்தான் அந்தச் சட்டம் எனக்கு ஞாபகம் வந்தது. தண்ணி காரியத்தில் பொய் சொன்னவள் ஒரு வருடம் கரையில். நான் குறுக்கே விழுந்து பேசினேன். “இது எங்க வெவகாரம் மேடம்” என்றாள் இருளாயி. மரியாதையாகத்தான் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். இன்றிலிருந்து அடுத்த மாசிவரை என்று முடிவாயிற்று.

மார்ச் 13, வியாழன்

மாசி மகத்துக்கு மறுநாள். பெண்கள் இன்று தென்பாருக்குப் போனார்கள். நான் கரைக்குப் போனபோது படகுகள் போய்விட்டன. நம்புத்தாயக்கா மட்டும் தார்ப்பாயில் நேற்றைய பாசியைக் கிளறிக்கொண்டிருந்தார். காய வைப்பதற்குத் தடையில்லையாம்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை.

“விசாரணையில இல்லன்னு சொல்லியிருக்கலாமே அக்கா. எனக்காக ஏன் பொய் சொன்னீங்க?”

“பொய்யின்னு யாரு சொன்னா?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“ஆவணியில தென்பார்ல எறங்குன மாதிரி எனக்கு நெனவே இல்ல. பாலத்தடிக்குத் திருப்புனதுதேன் நெனவு இருந்துச்சு. ஆனா நீங்க வந்து, எழுதியிருக்குன்னு சொன்னீக. படிச்சவுக எழுதிவச்சது. பேப்பர்ல வந்திருக்கு. எம்பேரும் அதுல இருக்கு. அஞ்சு நாளு ரோசிச்சேன்மா. எனக்குத்தேன் மண்டை கலங்கிப்போச்சுன்னு நெனச்சேன். எங்க ஆத்தாளுக்கும் இந்த வயசுலதேன் மறதி வந்துச்சு.”

பாசியை ஒரு கை அள்ளித் திருப்பிப் போட்டார்.

“எறங்குனோம்னு சொல்லையில, எறங்குனதாவே நம்பித்தேன் சொன்னேன்.”

“ஐயோ அக்கா! அப்போ அன்னைக்கு இருளாயி கேட்டப்ப ஏன் ஆமான்னு சொன்னீங்க? தெரியாமதான் சொன்னேன்னு சொல்லியிருந்தா...”

“என்னன்னு சொல்ல? எந்தத் தண்ணியில எறங்குனேன்னு எனக்கே தெரியாதுன்னா? முப்பத்தெட்டுப் பொம்பளைங்க எம் பின்னாடி கண்ண மூடிக்கிட்டு குதிக்கிறாளுக. அது தெரிஞ்சா ஒருத்தி வருவாளா? பொய் சொன்னவளுக்கு ஒரு வருசந்தேன். அடுத்த மாசியில எறங்கிருவேன்.”

“நான் போய்ச் சொல்றேன் அக்கா. உங்களுக்கு ஞாபகம் சரியாத்தான் இருந்தது, நான்தான்...”

“சொல்லிராதீக” என்றார். முதல் முறையாகக் குரல் உயர்ந்தது. “யாருகிட்டயும் சொல்லிராதீக. என் நெனவ நானே நம்பலன்னு அவளுகளுக்குத் தெரிய வேணாம். ஒங்க நெஞ்சோட இருக்கட்டும்.”

சரி என்றேன். பாசியின் அடிப்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது. நானும் ஒரு ஓரத்திலிருந்து திருப்பிப் போட ஆரம்பித்தேன்.